பிணம் சிரிக்க வேண்டிய ஷாட்

சின்னதுரைக்குச் சாவு வீடு ஆகாது. பயம் என்று நினைத்துவிட வேண்டாம், சிரிப்பு வந்துவிடும். எல்லாரும் மாரில் அடித்துக்கொண்டு அழுகிற நேரத்தில்தான், மேளக்காரர் அடிக்கு நடுவே மூக்கைச் சொறிவதும், பங்காளி ஒருவர் செத்தவரின் செருப்பில் காலை விட்டு அளவு பார்ப்பதும் அவன் கண்ணில் படும். அடக்கப் பார்ப்பான், தோள் குலுங்கும். பின்னாலிருந்து பார்க்கிறவர்கள் பாவம், அழுகிறான் என்று முதுகைத் தடவிக்கொடுப்பார்கள். அதில் இன்னும் சிரிப்பு வரும். தும்மலும் சிரிப்பும் கேட்டுக்கொண்டா வருகின்றன?

ஐம்பது வயது தாண்டியும் இந்தக் குறையை வாயில் துண்டைத் திணித்தே சமாளித்துவந்தான். மச்சான் எட்வர்ட் சாவில்தான் மாட்டிக்கொண்டான்.

எட்வர்ட், சின்னதுரையின் மனைவி ரோசம்மாளுக்கு உடன்பிறந்த ஒரே அண்ணன். மச்சான் ஆவதற்கு முன்பே கூட்டாளி. இரண்டு பேரின் அப்பன்மாரும் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர்கள். இவர்கள் இருவரும் ஒரே நாளில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு மில்லுக்குள் நுழைந்து, ஒரே உலைக்கு முன்னால் வெந்தவர்கள். "எந்தங்கச்சிய கட்டிக்கிறியாடா?" என்று எட்வர்ட் கேட்டது மில் கேண்டீனில், வாயில் பாதி வடையோடு. அப்படிப்பட்ட மனுஷன் மஞ்சள் காமாலை முற்றி, போன வருஷம் தவக்காலத்தில் போய்ச் சேர்ந்தான்.

உடலைக் கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். ரோசம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் முட்டி முட்டி அழுதாள். சின்னதுரை கால்மாட்டில் நின்றான். நின்றவன் சும்மா நிற்காமல் குனிந்து பார்த்தான். பெட்டியை வாடகைக்கு விடுகிறவர், தன் கடையின் அண்டா, நாற்காலி, பந்தல் கம்பு எல்லாவற்றிலும் ஒட்டுகிற அதே ஸ்டிக்கரை இந்தப் பெட்டியின் கால்பக்கத்திலும் ஒட்டிவைத்திருந்தார். மஞ்சள் எழுத்தில் 'நன்றி! மீண்டும் வருக!' என்று இருந்தது.

வாயில் திணிக்கத் துண்டு இல்லை. தோளில் கிடந்ததைச் சற்று முன்புதான் யாரோ உருவி எட்வர்டின் தாடையைக் கட்டியிருந்தார்கள். சிரிப்பு வெடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பந்தலில் இருந்த அழுகை மொத்தமும் ஒரு நிமிஷம் நின்றது. ரோசம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அண்ணன் பிணத்துக்கு அந்தப் பக்கம், வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டு நின்றான் அவள் புருஷன்.

அன்றோடு அவள் அவனிடம் பேசுவதை நிறுத்தினாள்.

சண்டை என்று சொல்ல முடியாது. வேளைக்குச் சோறு வந்தது, யூனிஃபார்ம் துவைத்து மடித்து வைக்கப்பட்டது, டிபன் பாக்ஸில் அவனுக்குப் பிடித்த கருவாட்டுத் தொக்குகூட இருந்தது. பேச்சு மட்டும் கிடையாது. சொல்ல வேண்டியதைச் சோத்துப்பானையிடம் சொல்வாள், டிவியிடம் சொல்வாள், பெரும்பாலும் மகள் ஏஞ்சலிடம் சொல்வாள்.

"ஏஞ்சலு, கேஸ் தீந்துபோச்சுன்னு உங்க நைனா கைல சொல்லு."

நைனா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பான். ஏஞ்சல் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்ப்பவள். வேனுக்கு ஓடுகிற அவசரத்தில், "காதுல விழுந்துச்சில்ல நைனா?" என்று கேட்பதோடு தூதை முடித்துக்கொள்வாள்.

ஸ்டிக்கர் விஷயத்தையும் சின்னதுரை ஒருமுறை இந்தத் தூது வழியாகவே சொல்லிப் பார்த்தான். ஏஞ்சல் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வரும்போதே பாதியில் தானும் சிரித்துத் தொலைத்தாள். அத்தோடு காரியம் கெட்டது.

"அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்குது பாரு! எங்கண்ணன் பொணம் உங்களுக்கு எகத்தாளமா பூட்ச்சா? பொட்டியில எவனாவது அப்படி ஒட்டுவானா? சிரிச்சது போதாதுன்னு கத வேற கட்டிக்கினு!"

அப்படி ஒரு ஸ்டிக்கரே இல்லை, புருஷன் தன் குற்றத்தை மறைக்கக் கட்டிவிட்ட கதை அது என்று அவள் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டாள். பெட்டி அதற்குள் வேறு எந்த ஊர்ச் சாவுக்குப் போனதோ, யார் கண்டது. முப்பது வருஷமாக அவள் "யோவ்" என்று கூப்பிடும்போதெல்லாம் சின்னதுரைக்கு எரிச்சலாக வரும். இப்போது அந்த ஒரு 'யோவ்'வுக்காக ஏங்கினான். கல்யாணமான ஆண்பிள்ளைக்கு இதைவிடக் கேவலமான ஏக்கம் இருக்க முடியாது என்று அவனுக்கே தெரிந்திருந்தது, ஆனாலும் ஏங்கினான்.

இந்த நேரத்தில்தான் சினிமா வந்தது.

அவனும் எட்வர்டும் வெந்த அந்த மில் மூடி நாலைந்து வருஷம் ஆகிறது. மற்றவர்கள் வேறு கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். சின்னதுரை அதே மில்லுக்கு செக்யூரிட்டி ஆனான். துருப்பிடித்த ஷெட்டைக் காப்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை, தூக்கம் ஒன்றுதான் எதிரி. சூப்பர்வைசர் எந்த நேரத்தில் பைக்கில் வந்து நிற்பான் என்று தெரியாது. அதனால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே தூங்கப் பழகியிருந்தான். சிப்காட்டில் செக்யூரிட்டி வேலை பார்க்கிற பாதிப்பேருக்கு இந்த வித்தை தெரியும். ஆனால் சின்னதுரை மாதிரி இமைகூடக் கொட்டாமல் தூங்குகிறவர் வேறு யாரும் இல்லை.

படம் எடுக்க இடம் தேடிக்கொண்டு வந்த டைரக்டர் பரத், கேட் ஓரத்தில் அவனைப் பார்த்தான். கூப்பிட்டான், பதில் இல்லை. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினான், கண் அசையவில்லை. கூட வந்த மேனேஜர் வரதன் சினிமாவிலேயே நரைத்த ஆள். அவர்தான் துணிந்து கிட்டே போய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார்.

"எண்ட்ரி போட்டுட்டுப் போ சார்," என்றது பிணம்.

வரதன் பின்னாலிருந்த மணல் மேட்டில் போய் விழுந்தார். பரத் மட்டும் முகம் மலர்ந்து, "நமக்கு ஆள் கெடச்சாச்சு," என்றான்.

படத்தின் பெயர் 'தலைவர் தூங்குறாரு'. ஊராட்சித் தேர்தலில் ஜெயித்த ஒருவரை மருமகனே பாலில் விஷம் கலந்து கொன்றுவிடுகிறான். கொன்ற பிறகுதான் உறைக்கிறது, பதவி ஏற்பதற்குள் கிழவன் செத்தால் மறுபடி தேர்தல் வரும், போட்ட திட்டமெல்லாம் பாழ். ஆகவே குடும்பமே கூடிப் பேசி, பிணத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, காரில் சாய்த்து உட்காரவைத்து, கையில் நைலான் கயிறு கட்டி ஊர் ஜனங்களைப் பார்த்து ஆட்டவைக்கிறது. கொலையும் கும்மாளமும் கலந்த கதை. படம் முழுக்கக் கதாநாயகன் பிணம்தான்.

"எல்லா சீன்லயும் நீங்கதாண்ணே. டயலாக் மட்டும் கெடயாது," என்றான் பரத்.

பிணமாக நடிக்கப்போகிற செய்தியை சின்னதுரை வீட்டில் ஏஞ்சலிடம் சொன்னான். ரோசம்மாள் சோத்துப்பானையைப் பார்த்து, "அதுக்கு நடிக்க வேற வோணுமா?" என்று கேட்டுவிட்டுக் கஞ்சியை வடித்தாள்.

வேலை சுலபம்தான். 'ஆக்‌ஷன்' என்றால் தூங்கிவிடுவான், 'கட்' சொன்னால் யாராவது உலுக்கி எழுப்ப வேண்டும். யூனிட்டில் எல்லாரும் அண்ணே அண்ணே என்று கொண்டாடினார்கள். வீட்டில் பேச ஆள் இல்லாதவனுக்கு இத்தனை பேர் சுற்றி உட்கார்ந்து காது கொடுத்தால் என்ன ஆகும்? தவளை தன் வாயால் கெட்டது. ஒருநாள் டீ நேரத்தில், "சாவு வீட்ல நீங்க பாத்த காமெடி எதுனா சொல்லுங்கண்ணே," என்று பரத் கேட்டதுதான் தாமதம், எட்வர்ட் சாவைச் சொல்லிவிட்டான். ஸ்டிக்கரைச் சொன்னான். துண்டு தாடை கட்டப் போனதைச் சொன்னான். தான் சிரித்ததைச் சொன்னான். பெண்டாட்டி பேச்சை நிறுத்தியதை மட்டும் விழுங்கிவிட்டான். யூனிட்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. பரத் மட்டும் சிரிக்காமல் செல்போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

கடைசிநாள் ஷூட்டிங்குக்குப் போனால், பந்தல் போட்டு நடுவில் ஐஸ் பெட்டி வைத்திருந்தார்கள். கால்பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் 'நன்றி! மீண்டும் வருக!'

சின்னதுரை பரத்தை ஓரமாக இழுத்தான். "சார், இது வோணாம் சார். ஊட்ல பேஜாராயிடும்."

"அண்ணே, படத்துக்கே உசுரு இந்த சீன்தான்," என்று பரத் கையைப் பிடித்துக்கொண்டான். பத்து நாளுக்கு மேல் அண்ணே அண்ணே என்று உருகினவனிடம் என்ன சொல்வது? சின்னதுரை பெட்டிக்குள் ஏறிப் படுத்தான். மூக்கில் பஞ்சு வைத்தார்கள், தாடையைக் கட்டினார்கள், நெற்றியில் காசை ஒட்டினார்கள், கண்ணாடியைச் சாத்தினார்கள்.

அன்றைக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

கண்ணாடிக்கு உள்ளேயிருந்து சாவு வீட்டைப் பார்த்தவர்கள் யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை. சின்னதுரை பார்த்தான். தலைமாட்டில் பெண்டாட்டியாக நடித்த அம்மாள் கண்ணாடியில் முட்டி முட்டி அழுதாள். முட்டும்போதெல்லாம் அந்தச் சத்தம் இவன் மண்டைக்குள் விழுந்தது. கால்மாட்டில், இவன் சொன்ன கதையைக் கேட்டுப் போட்டிருந்த ஒரு துணை நடிகர் குனிந்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார், வாயைப் பிளந்து சிரித்தார். உள்ளே இருப்பவனுக்கு ஸ்டிக்கர் தெரியாது. சிரிக்கிற வாய் மட்டும் தெரிந்தது, பல்லும் உள்நாக்கும் தெரிந்தன. அதற்கு இந்தப் பக்கம் ஒருத்தி தலை உடைய அழுதுகொண்டிருந்தாள். த்தூ, இப்படியா இருந்தேன் நான் என்று அவனுக்கு உடம்பு கூசியது.

ஷாட் முடிந்து கண்ணாடியைத் திறந்ததும் வரதன் ஓடி வந்தார். "யாரும் கேமராவ நிறுத்தாதீங்க! அண்ணே, எழுந்து உக்காந்து லென்ஸப் பாத்து சிரிங்க. பொணமா படுத்தவங்க சிரிச்சிட்டுத்தான் எழுந்திரிக்கணும். சினிமாவுல அது சாங்கியம். எத்தினி பெரிய ஆர்ட்டிஸ்ட்டா இருந்தாலும் இந்தச் சிரிப்ப சிரிக்காம வீட்டுக்குப் போவ மாட்டாங்க. இல்லன்னா ஆவாது."

சின்னதுரை எழுந்து உட்கார்ந்தான். லென்ஸைப் பார்த்தான். உதட்டை இழுத்தான். கூப்பிடாத இடத்துக்கெல்லாம் வந்து மானத்தை வாங்கிய சிரிப்பு, கூப்பிட்டபோது வரவில்லை. "சிரிங்கண்ணே, சிரிங்க," என்று நாலுபக்கமும் குரல் கேட்டது. அவன் மூக்கில் பஞ்சும் நெற்றியில் காசுமாக உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். வரதன் முகம் செத்துப்போயிற்று. ஒரு பூசணிக்காய் உடைக்க வேண்டிய இடத்தில் இரண்டு உடைத்து, சூடமும் சுற்றி அனுப்பிவைத்தார். அந்த அழுகையைக் குப்பையில் போட்டிருப்பார்கள் என்று சின்னதுரை நினைத்துக்கொண்டான்.

படம் பொங்கல் கழித்து வெளியானது. கும்மிடிப்பூண்டி பஜாரில் கறுப்புக் கண்ணாடி போட்ட சின்னதுரையின் தலை சுவர் சுவராக ஒட்டப்பட்டது. சாவைக் கேலி செய்கிற படம், தலைவர்களைக் கொச்சைப்படுத்துகிற படம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கிளம்பினால் விடுவார்களா ஜனங்கள், அதற்காகவே டிக்கெட் எடுத்தார்கள். சின்னதுரை குடியிருக்கிற காலனியே ஞாயிற்றுக்கிழமைப் பூசையைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றிக்கொண்டு, ஞாயிறு காலைக் காட்சிக்குக் கிளம்பியது.

சின்னதுரைக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். ஸ்டிக்கரைப் பார்த்தால் ரோசம்மாள் என்ன நினைப்பாள்? அண்ணன் சாவில் சிரித்தது போதாதென்று, அந்தச் சாவைக் கொண்டுபோய் ஊர் சிரிக்க விற்றுவிட்டு வந்திருக்கிறான் என்றுதானே நினைப்பாள்? இத்தனை நாள் மூடிய வாய் அப்புறம் திறக்கவே திறக்காது. ஏஞ்சலைத் தனியாகக் கூப்பிட்டான்.

"உங்கம்மா வோணாம்மா. அது பெரியவங்க படம். கண்ட அசிங்கமும் வருது."

"அம்மா இன்னா பச்ச கொழந்தையா நைனா? ஊரே போவுது."

ரோசம்மாள் உள்ளே பீரோவைத் திறந்து பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டிருந்தாள். "நான் போவலன்னா, ஊட்ல இன்னா தகராறுன்னு நாளைக்குக் கொழாயடில நாலு பேரு கேப்பாளுங்க. அவளுங்களுக்கு யாரு பதில் சொல்றது?" என்று பீரோவிடம் சொன்னாள்.

தியேட்டர் வாசலில் ஐந்தாறு பேர் கொடி பிடித்துக் கோஷம் போட்டார்கள். ஒரே ஒரு போலீஸ்காரர் டீ குடித்துக்கொண்டே அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் போட மணி அடித்ததும் கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு அவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். எதிர்க்க வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டாமா?

உட்கார்ந்த வரிசையில் ஏஞ்சல் நடுவில் இருக்க வேண்டியது. யாரோ தோழியைப் பார்த்துவிட்டு அவள் அந்தக் கோடிக்குப் போனதில், ரோசம்மாளுக்கு அடுத்த சீட் சின்னதுரைக்கு வாய்த்தது. ஒரு வருஷத்தில் இவ்வளவு கிட்டே அவர்கள் உட்கார்ந்ததில்லை. அவள் பட்டுப்புடவையில் அந்துருண்டை வாசம் அடித்தது.

படம் ஓடியது. தலைவர் காரில் சாய்ந்து விழுந்தார், ஜனம் சிரித்தது. மருமகன் கயிற்றை இழுக்க, தலைவரின் கை எதிர்க்கட்சிக்காரன் கன்னத்தில் பளாரென்று விழுந்தது, விசில் பறந்தது. கோஷம் போட்டவர்கள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள். ரோசம்மாள் சிரிக்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு, ஃபாதர் பிரசங்கம் கேட்பது மாதிரி உட்கார்ந்திருந்தாள். சின்னதுரை திரையைப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐஸ் பெட்டி வந்தது.

அழுகை, மேளம், முட்டி முட்டி அழுகிற பெண்டாட்டி. கேமரா தலைமாட்டிலிருந்து மெதுவாகப் பெட்டியை ஒட்டியே நகர்ந்து கால்மாட்டுக்கு வந்து நின்றது. மஞ்சள் எழுத்து தியேட்டர் அகலத்துக்குத் தெரிந்தது. 'நன்றி! மீண்டும் வருக!'

தியேட்டரே சிரிப்பில் இடிந்து விழுந்தது. முன்வரிசையில் ஒருவன் சீட்டிலிருந்து தரையில் சரிந்தான். அந்தக் களேபரத்துக்கு நடுவே, தன் காதுக்கு மிக அருகில் சின்னதுரைக்கு ஒரு சிரிப்பு கேட்டது. முப்பது வருஷம் கேட்ட சிரிப்பு, மூக்கிலிருந்து ஆரம்பித்து விக்கலில் முடிகிற சிரிப்பு. ரோசம்மாள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரையில் அடுத்து, கால்மாட்டில் நின்ற ஆள் வாயைப் பிளந்து சிரித்தார்.

ரோசம்மாளின் சிரிப்பு வெட்டினாற்போல் நின்றது. முந்தானையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள். பிறகு முகத்தைத் திருப்பி சின்னதுரையைப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை. சூப்பர்வைசர் வந்து நிற்கும்போது உட்காருவதைப் போல, நிமிர்ந்து, கண்ணைத் திறந்து, இமைக்காமல் திரையைப் பார்த்தபடி இருந்தான். அவள் எவ்வளவு நேரம் பார்த்தாளோ தெரியாது. அப்புறம் மருமகன் மாட்டிக்கொண்டதோ, போலீஸ் வந்ததோ, ஊர் பார்க்கப் பிணம் பதவி ஏற்றதோ எதுவும் அவன் மண்டையில் ஏறவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்பது மட்டும்தான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

படம் முடிந்தது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன. ஜனங்கள் எழுந்து, சீட்டுகள் படபடவென்று மடங்கின. ஓடுகிற பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் ஏதோ படம் தெரிந்தது. பெட்டியில் எழுந்து உட்கார்ந்த சின்னதுரை. மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு. "சிரிங்கண்ணே," என்று ஒரு குரல் கேட்டது. உதட்டை இழுத்துப் பார்க்கிறான், வரவில்லை. முகம் கோணுகிறது. வாய் எதையோ சொல்லி அசைகிறது, பாட்டுச் சத்தத்தில் அது கேட்கவில்லை. பிறகு தோள் குலுங்க அழுகிறான்.

பிணம் அழுவதைப் பார்த்து வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். மீதிப்பேர் பிரியாணிக் கடையில் இடம் பிடிக்கிற அவசரத்தில் திரும்பியே பார்க்கவில்லை. ரோசம்மாள் மட்டும் எழுந்திருக்காமல் பார்த்தாள். முப்பது வருஷத்தில் புருஷன் அழுது அவள் பார்த்ததில்லை. லைட் போட்டு, திரை வெள்ளையாகி, துடைப்பத்தோடு ஆள் வந்து, "எழுந்துக்கம்மா, அடுத்த ஷோ வுடணும்," என்று சொல்லும் வரை உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. ஏஞ்சலுக்கு செகண்ட் ஷிப்டு. "நான் அப்டியே வேன் ஏறிக்கிறேன், நீங்க ஆட்டோ புட்ச்சி ஊட்டுக்குப் போங்க," என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து ஓடிவிட்டாள். காலனி ஜனமெல்லாம் பிரியாணிக் கடைக்குள் நுழைந்திருந்தது. கரண்டு கம்பத்தின் நிழலில் ரோசம்மாள் நின்றாள். நாலடி தள்ளி, வெயிலில் சின்னதுரை நின்றான். நடுவில் தூது சொல்ல ஆள் இல்லை. கம்பி ஏற்றிய லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின.

"அந்தப் பொட்டியில நெசமாவே அப்டி ஒட்டியிருந்துச்சா?" என்று ரோசம்மாள் கேட்டாள். கேட்டது கரண்டு கம்பத்தை.

சின்னதுரை வாயைத் திறக்கவில்லை. கம்பத்தைக் கேட்ட கேள்விக்குத் தான் பதில் சொல்லி, அது வேறு வம்பாகிவிட்டால்?

அவள் திரும்பினாள். "யோவ், உன்னத்தான்யா கேக்கறேன்."

"இருந்துச்சு ரோசா. கால் பக்கம். இதே மஞ்ச எழுத்துல."

"நான் பாக்கலியே."

"நீ தலமாட்டுல இருந்த."

"நானும் சிரிச்சிட்டேன்யா. அத்தினி ஜனத்தோட சேந்துக்கினு, எங்கண்ணன் சாவுக்கு நானும் சிரிச்சிட்டேன்." சொல்லும்போதே கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பட்டுப்புடவை முந்தானையிலேயே துடைத்தாள். "எங்கண்ணன் அத்த பாத்திருந்தா, உன்ன முந்திக்கினு அவன்தான்யா சிரிச்சிருப்பான்."

"ஆமா," என்றான் சின்னதுரை. அது சத்தியமான பேச்சு. எட்வர்டின் சிரிப்பு உலைச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

"கடசில உன் வாயி அசஞ்சுதே. இன்னா சொன்ன?"

"மச்சான்னு கூப்ட்டேன்."

"அன்னிக்கு அழுவாதவன், அங்க போயா அழுவ?"

சமாளிக்க நாலு வார்த்தை சின்னதுரையிடம் எப்போதும் உண்டு. இன்று அவை வேண்டாம் என்று தோன்றியது. "அன்னிக்கு சிரிப்பு முந்திக்கிச்சு ரோசா. அழுவ லேட்டாதான் வந்துச்சு. பொட்டிக்குள்ள படுத்துக்கினு பாக்கும்போதுதான் தெரிஞ்சுது, உனக்கு எப்டி இருந்திருக்கும்னு."

ரோசம்மாள் மூக்கைச் சிந்தினாள். கம்பத்தின் நிழலில் கொஞ்சம் நகர்ந்து நின்றாள். இன்னொரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விழுந்தது. சின்னதுரை போய் நின்றான்.

"வர்ற ஞாயித்துக்கெழம எங்கண்ணன் வருஷப் பூச. அப்பால கல்லறைக்குப் போறேன், நீயும் வா," என்றாள். "சிரிப்பு வந்தா அடக்காத. அங்கயே சிரி. அவனும் கேக்கட்டும்."

சின்னதுரை தலையாட்டினான்.

"மரம் மாதிரி நிக்கறியே, ஆட்டோ போவுது பாரு. கைய காட்டுயா."

அவன் கையைத் தூக்கினான். காலனிப் பக்கம் போகிற ஷேர் ஆட்டோ ஓரம் கட்டி நின்றது.